ரென்ஸ்கா ஏன் இனிப்புக்கு மாறினாள்?

சனிக்கிழமை சந்தை முடிந்து வீப்ரன் வீட்டுக்குப் போகவில்லை. துறைமுகத்தை ஒட்டி இருக்கும் ஹிஸ்காவின் வீட்டுக்கு நேராக சைக்கிளை விட்டான். சுவரில் சாய்த்துவிட்டு, பூட்டாமலே மணியை அழுத்தினான். ஹார்லிங்கன் என்ற அந்த டச்சு ஊரில் ஒருவன் சைக்கிளைப் பூட்ட மறந்தால் அவனுக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம்.

ஹிஸ்கா துறைமுகப் போலீசில் துப்பறியும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கூட இருப்பவன் அவள் தம்பி யாரிக். தீவுக்குப் போகும் பெரிய படகில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். டிக்கெட் இல்லாதவனை முகத்தை வைத்தே பிடித்துவிடுவேன் என்பான். பெரும்பாலும் டிக்கெட் வைத்திருப்பவனைத்தான் பிடித்திருக்கிறான்.

"என் பொண்டாட்டிக்கு வேற ஒருத்தன் இருக்கான்," என்றான் வீப்ரன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பாட்டு வாத்தியார் ஈல்கோ," என்றான் யாரிக்.

வீப்ரன் அவன் பக்கம் திரும்பினான். "உனக்கெப்படித் தெரியும்? அப்போ ஊருக்கே தெரியுமா?"

"ஊருக்குத் தெரியாது. ஆளு உயரம், பியானோ வாசிக்கிறான், பொண்டாட்டி செத்துப்போச்சு. உன் பொண்டாட்டி அவன் குழுவில பாடறா. வேற யாரைச் சொல்றது?"

"யாரிக், காபி போடு," என்றாள் ஹிஸ்கா. "வீப்ரன், நீ உக்காரு. நினைச்சதைச் சொல்லாதே. பாத்ததைச் சொல்லு."

வீப்ரன் உட்கார்ந்தான். ஜன்னல் வழியாக மீன்பிடிப் படகுகள் ஆடுவது தெரிந்தது. ஹிஸ்கா காலை நீட்டி, அகலமான கம்பளிச் செருப்பை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தங்க மோதிரத்தை எடுத்து மேஜையில் வைத்தான்.

"ரென்ஸ்காவோட கல்யாண மோதிரம். தையல் டப்பாவில பட்டனோட பட்டனா கிடந்துச்சு. ஏன் கழட்டினேன்னு கேட்டா, மாவு பிசையறேன்னா. எங்க வீட்ல பேக்கரி ரொட்டி ஹிஸ்கா. அவ மாவு பிசைஞ்சு நான் பாத்ததே இல்ல."

"அப்புறம்?"

"கன்னம். ரெண்டு கன்னமும் ஜிவுஜிவுன்னு செவந்து போகுது. புதுசா காதலிக்கிற பொண்ணு மாதிரி."

"பாட்டுக்குப் போயிட்டு வந்ததுக்கு அப்புறமா?"

"அப்பவும்தான். காலைல சாப்பிட்டு எழுந்த கொஞ்ச நேரத்திலயும்தான். அவனை நினைச்சுக்கறா போல." சொல்லும்போதே வீப்ரனின் கன்னமும் சிவந்தது. "புது ஷூ வேற வாங்கியிருக்கா."

"அழகானதா?"

"அழகா? படகு மாதிரி இருக்கு. எப்பவும் முப்பத்தெட்டு போடறவ, இது முப்பத்தொன்பது."

"ஓடிப்போறதுக்கு வசதியா இருக்கும்," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

ஹிஸ்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "வேற?"

வீப்ரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். இதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாக இருந்தது. "போன சனிக்கிழமை பாட்டு ஒத்திகை முடிஞ்சு வந்தா. சட்டை மாத்தறப்போ பாத்தேன். தோளுக்குக் கீழ, கையைச் சுத்தி ஒரு சிவப்புத் தடம். யாரோ இறுக்கிப் பிடிச்ச மாதிரி."

"விரல் தடம் தனித்தனியா இருந்துச்சா?"

"இல்ல. பட்டையா, ஒரே அகலமா."

"சரி."

"இதெல்லாம் கூடப் பரவாயில்ல ஹிஸ்கா. இதைப் பாரு." கோட்டுப் பையிலிருந்து ஒரு பெரிய காகிதப் பொட்டலத்தை எடுத்தான். "சந்தையில வாங்கினது. ட்ரொப்."

அதிமதுர வேரைக் காய்ச்சி எடுத்த சாற்றில் செய்யும் கறுப்பு மிட்டாய்தான் ட்ரொப். அது இல்லாத வீடு அந்த ஊரில் கிடையாது. தொண்டை கட்டினாலும் அதுதான், பொழுது போகாவிட்டாலும் அதுதான். அதில் உப்பு ரகம் உண்டு, இனிப்பு ரகம் உண்டு. யார் எந்தக் கட்சி என்பது எல்லோருக்கும் தெரியும்.

"கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து சனிக்கிழமையானா அவளுக்கு இதை வாங்கிட்டுப் போறேன். இரட்டை உப்பு. நாக்கு சுருண்டுடும், அவளுக்கு அதுதான் பிடிக்கும். இந்த வசந்தத்தில ஒருநாள் சொல்றா, 'இனிமே இனிப்பு வாங்கிட்டு வா.' ஏன்னேன். சும்மாதான்னா. இத்தனை வருஷம் உப்பு தின்னவ சும்மா இனிப்புக்கு மாறுவாளா? எவனோ ஒருத்தன் அவ ருசியையே மாத்திட்டான்."

அதைச் சொல்லும்போது வீப்ரனின் குரல் உடைந்தது. மோதிரத்தைச் சொல்லும்போதுகூட அப்படி உடையவில்லை.

"நீ என்ன பண்ணினே?"

"இனிப்பே வாங்கினேன். முன்னே சின்னப் பொட்டலம். அப்புறம் பெரிசு. இப்போ இது. அவன் என்னத்தை வேணா குடுக்கட்டும், நான் அதைவிட ஒரு பிடி கூடக் குடுப்பேன்."

"சாப்பிடறாளா?"

"தினமும். நான் எதிர்ல உக்காந்து பாப்பேன். எனக்கிருக்கிற ஒரே ஆறுதல் அதுதான்."

காபியோடு வந்த யாரிக் பொட்டலத்துக்குள் கையை விட்டான். ஹிஸ்கா அந்தக் கையைப் பிடித்து வெளியே எடுத்தாள். "அது அவளோடது." வீப்ரன் பொட்டலத்தைத் திரும்பக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். ஹிஸ்கா அவனிடம், "உன் அண்ணன் கெர்பன் எப்படி இறந்தான்?" என்று கேட்டாள்.

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சும்மா கேக்கறேன்."

"பட்டாணி சூப் சாப்பிட்டுட்டு இருந்தான். கரண்டி கீழே விழுந்துச்சு. அவ்வளவுதான். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சுன்னாங்க. ரத்தக் கொதிப்பு இருந்திருக்கு, அவனுக்கே தெரியல. ஒரு நாள் தலைவலின்னு சொன்னவன் இல்ல." வீப்ரன் காபியைத் தள்ளி வைத்தான். "அதுக்கப்புறம் நான் ஒழுங்கா சூப் சாப்பிடறதில்ல. போதுமா?"

"போதும். ரென்ஸ்கா இப்போ எல்லாம் கால் வலிக்குது, அசதியா இருக்குன்னு சொல்றாளா?"

"மாடி ஏறும்போது பாதியில நிக்கறா. அவன் வீட்டு மாடிப்படி ஏறி ஏறிக் களைச்சுப் போயிருப்பா."

ஹிஸ்கா எழுந்து, மோதிரத்தை எடுத்துக்கொண்டு கோட்டை மாட்டினாள். "மத்தியானம் ஒத்திகை இருக்கில்ல? நீயும் யாரிக்கும் பாலத்துமேல நின்னு பாருங்க. பாக்க மட்டும்தான். எனக்கு மருந்துக் கடையில ஒரு வேலை இருக்கு."

*

தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் ஒத்திகை. கால்வாய்க்கு இந்தப் பக்கம் பாலத்தில் நின்றால் கூடத்தின் கதவும் தெரியும், நாலு வீடு தள்ளி ஈல்கோவின் வீடும் தெரியும். காற்று கடல் பக்கமிருந்து அடித்தது. யாரிக் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"பறவை பாக்கறதா சொல்லிக்கலாம்," என்றான்.

"பாலத்துமேல நின்னு என்ன பறவை?"

"கடற்காகம். பேசாம பாரு."

உள்ளே பாட்டு தொடங்கியது. அத்தனை குரலிலும் வீப்ரனின் காதுக்கு ஒன்றுதான் தனியாகக் கேட்டது. டிசம்பர் கச்சேரியில் தனியாகப் பாடப் போவது அவள்தான். பாதிப் பாட்டில் அந்தக் குரல் நின்றது. ரென்ஸ்கா வெளியே வந்து வேகமாகப் பக்கத்துச் சந்துக்குள் போனாள், திரும்பி வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி போனாள்.

"சிக்னல்," என்றான் யாரிக். "ரெண்டு தடவை வெளியே வந்தா, வீட்டுக்கு வர்றேன்னு அர்த்தம்."

"அந்தச் சந்துல கழிப்பறை இருக்கு."

"அதை வச்சுத்தான் சிக்னலே."

ஒத்திகை முடிந்து எல்லோரும் கலைந்தார்கள். ரென்ஸ்காவும் ஈல்கோவும் மட்டும் கால்வாய் ஓரமாக நடந்தார்கள். உயரமான அந்த மனிதன் அவளுக்காக நடையைக் குறைத்துக்கொண்டான். வீப்ரன் அவளோடு நடக்கும்போது எப்போதும் முன்னால் போய்விடுவான். அந்த நினைப்பு வேறு அவனைக் குத்தியது. இருவரும் வீட்டுக்குள் போனார்கள். கதவு மூடியது. பிறகு ஜன்னலில் ஒரு கை தெரிந்தது. திரை இழுத்து மூடப்பட்டது.

பட்டப்பகலில் திரை!

அந்த ஊரில் ராத்திரிகூட யாரும் திரையை மூடமாட்டார்கள். தெருவில் போகிறவன் உள்ளே எட்டிப் பார்த்தால் சோபா, விளக்கு, சாப்பிடும் குடும்பம் எல்லாம் தெரியும். எங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். திரை மூடிய வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லை வேறு ஏதாவது நடக்க வேண்டும்.

"விடு என்னை," என்றான் வீப்ரன்.

"அக்கா பாக்க மட்டும்னு சொன்னா."

"உள்ளே இருக்கறது உன் அக்காவா? என் பொண்டாட்டி!"

வீப்ரன் பாலத்தை விட்டு இறங்கி ஓடினான். தொலைநோக்கி நெஞ்சில் இடிக்க யாரிக்கும் பின்னால் ஓடினான். அவர்கள் போய்ச் சேரவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. ரென்ஸ்கா வெளியே வந்தாள். சட்டையின் இடது மணிக்கட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தாள். படியில் கால் வைத்ததும் முழங்கால் மடிந்தது. விழப்போனவளை ஈல்கோ முழங்கையில் பிடித்து நிறுத்தினான்.

அவள் தடுமாறியதை வீப்ரன் பார்க்கவில்லை. அந்தப் பிடியைத்தான் பார்த்தான்.

"கையை எடுடா!"

தெருவில் போன இரண்டு சைக்கிள்கள் நின்றுவிட்டன. ரென்ஸ்காவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. "வீப்ரன், இங்க என்ன பண்றே?"

"நான் கேக்க வேண்டிய கேள்வியை நீ கேக்காதே."

"ரெண்டு பேரும் கேக்க வேண்டாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மருந்துக் கடைப் பக்கமிருந்து ஹிஸ்கா நிதானமாக நடந்து வந்தாள். "எல்லாரும் உள்ளே போவோம். ஈல்கோ, திரையைத் திற. ஊர் பாக்கட்டும்."

*

திரை திறந்த முன்னறையில் மற்ற நாலு பேரும் உட்கார்ந்தார்கள். வீப்ரன் உட்காரவில்லை. பியானோவுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றுகொண்டான்.

ஹிஸ்கா மோதிரத்தை மேஜைமேல் வைத்தாள். ரென்ஸ்கா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வீப்ரன் சொன்னதெல்லாம் நெஜம்," என்றாள் ஹிஸ்கா. "ஆனா காலையிலயே ஒரு விஷயம் எனக்கு இடிச்சது. காதலனைப் பாக்கப் போறவ ஒரு சைஸ் சின்ன ஷூவில காலைத் திணிச்சுக்கிட்டுப் போவா. பெரிசு வாங்கமாட்டா." தன் காலை முன்னால் நீட்டினாள். "இதைப் பாருங்க. நானும் ஒரு சைஸ் பெரிசு. ஒரு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதிலிருந்து சாயந்தரமானா கணுக்கால் வீங்கிக்குது. காலைல மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில கன்னம் செவக்கும். ரத்தக்குழாயைத் தளர்த்தற மாத்திரை. ஈல்கோ, ஒளிச்சு வச்சிருக்கறதை எடு."

ஈல்கோ ரென்ஸ்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பியானோவுக்கு அடியிலிருந்து அவன் ஒரு பெட்டியை எடுத்துத் திறந்தான். உள்ளே பிரஷர் பார்க்கும் இயந்திரம். அதில் கையில் சுற்றும் அகலமான துணிப்பட்டை.

"சிவப்புத் தடம்," என்றாள் ஹிஸ்கா. "ஒரே அகலமா, விரல் இல்லாம."

யாரிக் பட்டையை எடுத்துத் தன் கையில் வைத்துப் பார்த்தான். "அப்போ சந்துக்குள்ள ரெண்டு தடவை போனது?"

"தண்ணியை வெளியேத்தற மாத்திரை. அது போட்டா உனக்கும் அந்தச் சந்துதான். விரல்ல தண்ணி கோத்துக்கிச்சு, அதனால மோதிரம் டப்பாவுக்குப் போச்சு. சரியா ரென்ஸ்கா?"

"சரி," என்றாள் அவள் மெதுவாக.

வீப்ரன் முதலில் ஒரு நாற்காலியை இழுத்தான். அவள் வேறு யாருக்கும் சொந்தமில்லை. உட்காரப் போனவன் பாதியில் நிமிர்ந்தான். வேறொன்று சுருக்கென்று தைத்தது.

"இவன்கிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லல."

"இவருக்கும் பிரஷர். மெஷின் இருக்கு. கேட்டேன், பாத்துச் சொன்னார்."

"திரையை மூடிக்கிட்டு!"

"நான்தான் மூடச் சொன்னேன். யாராவது பாத்து உன்கிட்ட சொல்லிடுவாங்கன்னு." ரென்ஸ்கா இப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள். "கெர்பன் போனதிலிருந்து, நான் தூங்கிட்டேன்னு நினைச்சு என் மூக்குகிட்ட கையை வச்சுப் பாக்கறே. மூச்சு வருதான்னு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? உன் அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்குன்னு எந்த வாயால சொல்லுவேன்? குறைஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். குறையவே மாட்டேங்குது."

ஈல்கோ சொன்னான். "இன்னிக்கு நூத்தி எழுபத்தெட்டு. போன வாரத்தைவிடக் கூட."

"அதனாலதான் கேஸ் இன்னும் முடியல," என்றாள் ஹிஸ்கா. "ரெண்டு மாத்திரை, ஒரு வேளை விடாம சாப்பிடறா. சமையல்ல உப்பைக் குறைச்சிருக்கா. இருந்தும் ஏறுது. அப்போ பின்னாலிருந்து யாரோ ஏத்தறாங்க. யாரு?"

யாரிக் உடனே ஈல்கோவை முறைத்தான்.

"நான் என்ன பண்ணினேன்?" என்றான் ஈல்கோ.

"வீப்ரன்," என்றாள் ஹிஸ்கா, "உன் பம்ப் நிலையத்துக்குப் பக்கத்தில ஒரு தடவை வயல்ல தண்ணி ஏறிச்சே. ஏன்?"

தாழ்வான வயல்களில் சேரும் தண்ணீரைக் கடலுக்கு இறைக்கும் நீர்வாரியத்தின் பம்ப் நிலையத்தில்தான் வீப்ரனுக்கு வேலை. எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் இந்தப் பேச்சு வந்தால் அவன் பதில் சொல்வான். "மிதவை. வாய்க்கால்ல தண்ணி எவ்வளவுன்னு மிதவைதான் பம்புக்குச் சொல்லும். மேல போனா பம்ப் ஓடும், கீழ வந்தா நிக்கும். அன்னிக்கு பாசி சுத்தி மிதவை கீழேயே மாட்டிக்கிச்சு. தண்ணி கரையைத் தொடுது, பம்ப் 'தண்ணியே இல்ல'ன்னு சும்மா நிக்குது."

"பம்ப்ல கோளாறா?"

"பம்ப்ல ஒண்ணுமே இல்ல. அதுக்குப் போன தகவல் பொய்."

"உடம்புல அந்த பம்ப் கிட்னி. ரத்தத்தில உப்பும் தண்ணியும் எவ்வளவு இருக்கணும்னு பாத்துக்கறது அதுதான். குறைஞ்சிடுச்சுன்னு தகவல் வந்தா உப்பைப் பிடிச்சு வைக்கும். உப்பு நின்னா தண்ணியும் நிக்கும். வாய்க்கால்ல தண்ணி கூடினா?"

"கரையில அழுத்தம்."

"வாய்க்கால் சுருங்கினா?"

"அதே தண்ணிக்கு இன்னும் அழுத்தம்."

"பிரஷர்னா அவ்வளவுதான். வருஷக்கணக்கா அழுத்தம் இருந்தா ரத்தக்குழாய் தடிச்சுக் கெட்டியாகும். கெட்டியானா அழுத்தம் இன்னும் ஏறும். வெளியில ஒண்ணும் தெரியாது. கெர்பனுக்குத் தெரிஞ்சிருக்காது, அது அவன் தப்பில்ல. ரென்ஸ்காவோட ஒரு மாத்திரை தண்ணியை இறைக்குது, இன்னொண்ணு வாய்க்காலை அகலமாக்குது. மூணாவது ஒண்ணு குடுக்கப் போறாங்களா?"

"அடுத்த வாரத்திலிருந்து," என்றாள் ரென்ஸ்கா. "குழாயைச் சுருக்குன்னு உடம்புக்குள்ள ஒரு கட்டளை போகுமாம், அதை நடுவுல தடுக்கற மாத்திரை. நல்ல மாத்திரைதானாம், ஆனா சில பேருக்கு வறட்டு இருமல் வரும்னாங்க." அவள் பியானோவைப் பார்த்தாள். "பாடறவளுக்கு இருமல்."

"மூணு என்ன, முப்பது குடுத்தாலும் மிதவை மாட்டியிருந்தா பிரயோஜனமில்ல. ரென்ஸ்கா, டாக்டர்கிட்ட போனப்போ உன்கிட்ட சாப்பாட்டைப் பத்தி என்ன கேட்டாங்க? அப்படியே சொல்லு. வார்த்தை மாறக் கூடாது."

"நர்ஸ்தான் கேட்டா. 'உப்பைக் குறைக்கணும், உப்பு ட்ரொப் தின்னுவீங்களா?'ன்னா. இனிமே தொடமாட்டேன்னேன். தொடல. அன்னிக்கே இவன்கிட்ட இனிப்பு வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன்."

"அங்கதான் விஷயம்," என்றாள் ஹிஸ்கா. "அவ உப்பு ட்ரொப்னு கேட்டா. நீ உப்பு ட்ரொப் தொடமாட்டேன்னே. ரெண்டு பேரும் நெஜத்தைத்தான் சொன்னீங்க. ஆனா ட்ரொப்ல இருக்கிற உப்பு பெரும்பாலும் நவச்சாரம், சமையல் உப்பு இல்ல. வினை அதுல இல்ல, வேர்ல இருக்கு. அதிமதுர வேர். உப்பு ரகத்திலயும் அதுதான், இனிப்பு ரகத்திலயும் அதுதான். மருந்துக் கடையில பேர் சொல்லாம விசாரிச்சேன். தினமும் நிறைய தின்னா கிட்னிக்குப் பொய்த் தகவல் போகுமாம். உப்பு குறைஞ்சிடுச்சு, தண்ணியைப் பிடின்னு. பிடிக்கும்போது பொட்டாசியத்தை வெளியே விட்டுடும். தண்ணி மாத்திரையும் அதை வெளியே தள்ளும். பொட்டாசியம் போச்சுன்னா கால் வலுவிழக்கும், படியில முழங்கால் மடியும். அடுத்தது இதயத் துடிப்பே தாறுமாறாகும்."

யாரிக் முன்னால் சாய்ந்தான். "அப்போ யாரு அக்கா அவளுக்கு அவ்வளவு ட்ரொப் குடுக்கறது?"

கேட்டுவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான்.

வீப்ரனின் கை கோட்டுப் பையில் இருந்தது. உள்ளே காகிதம் சரசரத்தது. அவன் பொட்டலத்தை எடுத்து மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தான். அவ்வளவு பெரிய பொட்டலத்துக்குப் பக்கத்தில் மோதிரம் சின்னதாகத் தெரிந்தது.

"நானா?" என்றான்.

"இவ இனிப்புக்கு மாறினா. நீ சந்தேகப்பட்டே. சந்தேகம் வளர வளர பொட்டலமும் வளர்ந்துச்சு. பொட்டலம் வளர வளர இவ பிரஷர் ஏறிச்சு, வீக்கம் ஏறிச்சு, மாத்திரை கூடிச்சு. அதைப் பாத்து உன் சந்தேகம் இன்னும் ஏறிச்சு. ஈல்கோ உன் பொண்டாட்டியை எங்கேயும் கூட்டிட்டுப் போகல வீப்ரன். நீதான் கெர்பன் போன வழிக்கு அனுப்பிட்டு இருந்தே."

வீப்ரன் ரென்ஸ்காவைப் பார்த்தான். "நீ ஏன் அவ்வளவு தின்னே? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எதிர்ல உக்காந்து வாயையே பாத்துட்டு இருப்பியே. ஒண்ணு மிச்சம் வச்சாலும் உன் முகம் வாடிடும்." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எனக்கு இனிப்பு ட்ரொப் பிடிக்கவே பிடிக்காது, வீப்ரன். வாயில பசை மாதிரி ஒட்டும்."

அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வீங்கிய விரல்களை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே தன் கையில் வைத்துக்கொண்டான்.

"அதெல்லாம் அப்புறம்," என்றாள் ஹிஸ்கா. "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடுக்கணும், இதயத்தைப் பாக்கணும். மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, அவங்க சொல்லட்டும். வண்டி யாருகிட்ட இருக்கு?"

வீப்ரனிடம் சைக்கிள்தான் இருந்தது. அதுவும் பூட்டாமல் ஹிஸ்காவின் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. கார் வைத்திருந்தது ஈல்கோ ஒருவன்தான். ரென்ஸ்கா முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். பின் சீட்டில் வீப்ரன் முழங்காலைத் தாடையோடு மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, வழி நெடுக ஈல்கோவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு போனான்.

*

பொட்டாசியம் ரொம்பக் கீழே போயிருந்தது. இதயத்தைக் கவனிக்க அவளை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், வீப்ரனின் முகத்தைப் பார்த்து வாக்கியத்தை முடிக்கவில்லை. ட்ரொப் அறவே கூடாது, எந்த ரகமும் கூடாது என்றார். தண்ணீர் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாவது மாத்திரை தேவைப்படவில்லை. சில வாரங்களில் அழுத்தம் படிப்படியாக இறங்கியது. முழுசாக இறங்கவில்லை. அவள் அம்மாவுக்கும் இருந்தது, வயதும் ஆகிறது, அதற்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் அந்த ஒரு மாத்திரை மட்டும் தொடர்ந்து வேண்டும் என்றார்கள். அதனால் காலையில் கன்னம் இன்னமும் சிவக்கிறது. வீப்ரன் இப்போது அதைப் பார்த்துவிட்டு மாத்திரை போட்டாயிற்று என்று தெரிந்துகொள்கிறான்.

கச்சேரி நாள் காலை அவன் கடைக்குப் போய் ஒரு பெட்டியோடு வந்தான். ஈல்கோவின் இயந்திரத்தைவிடப் பெரியது, எண்கள் இன்னும் பெரிதாகத் தெரிவது.

"அவன் மெஷினைத் திருப்பிக் குடுத்துடு," என்றான்.

"அன்னிக்கே குடுத்துட்டேன்."

"நல்லது. கையை நீட்டு."

ரென்ஸ்கா சமையலறை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கையை மேஜைமேல் வைத்தாள். வாசல் ஜன்னலில் திரை முழுசாகத் திறந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி போகிற போக்கில் கையசைத்தாள். வீப்ரன் மதகுக் கதவைப் பூட்டுகிற கவனத்தோடு பட்டையைச் சுற்றினான். இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தான். அவள் விரலில் மோதிரம் இருந்தது. நேற்று சோப்பு போட்டு ஏற்றியது.

பொத்தானை அழுத்தினான். இயந்திரம் உறுமி, பட்டை உப்பி இறுகியது. அவன் எதிரில் உட்கார்ந்தான், ட்ரொப் தின்னும்போது பார்ப்பதுபோலவே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தான். முடியவில்லை.

"அவன் கட்டும்போது இதைவிட இறுக்கிக் கட்டுவானா?"

"உஷ்," என்றாள் ரென்ஸ்கா, கண்ணைத் திறக்காமல். "அளக்கும்போது பேசக் கூடாது."